ஒரே தேதி, மூன்று கடல்கள்

நாளிதழ்களில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சின்னப் பெட்டி வரும். செப்டம்பர் 22 அன்று அதில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: 1914 – ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது. அந்த வரியில் தப்பில்லை. ஆனால் அதே தேதியில் இன்னும் இரண்டு கடல்களிலும் ஜெர்மன் கடற்படை தாக்குதல் நடத்தியது என்பதை அந்தப் பெட்டி சொல்வதில்லை. வட கடலில் ஒரு நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. பசிபிக் நடுவே தாஹிதித் தீவின் பப்பீத்தே நகரத்தை இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் எரித்தன. லண்டனில் அச்சாகும் பெட்டியில் வட கடல் செய்தி மட்டும் இருக்கும், தாஹிதியில் பப்பீத்தே செய்தி மட்டும். மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு.

வைத்துப் பார்க்கத் தொடங்கினால் முதலில் கடிகாரமே குழப்புகிறது. உள்ளூர் நேரப்படி வட கடலில் காலை 6.20, பப்பீத்தேயில் காலை 7, சென்னையில் இரவு 9.30. வரிசைப்படுத்தச் சொன்னால் சென்னையைக் கடைசியில் வைப்போம். அது தவறு. சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. பப்பீத்தே நேரம் ஏறக்குறைய பத்து மணி பிந்தியது. வட கடலில் முதல் டார்பிடோ வெடித்தபோது சென்னையில் பகல் பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். அன்றிரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருக்க, மணி பத்தரை ஆனபோது பப்பீத்தேயில் அதே தேதியின் காலை ஏழு. அடிவானத்தில் இரண்டு புகைக்கோடுகள் தெரிகின்றன என்று அங்கே காவல்காரர்கள் கத்தியது அப்போதுதான். ஆக, ‘ஒரே நாள்’ என்று நாம் சொல்வது, பூமி உருண்டை என்பதை மறந்துவிட்டுச் சொல்வது. இருந்தும் இந்த மூன்றும் அரை நாளைவிடச் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் நடந்தவை. அவற்றில் ஈடுபட்ட எந்தக் கப்பலுக்கும் மற்றவை என்ன செய்கின்றன என்பது தெரியாது.

நெதர்லாந்துக் கரைக்கு எதிரே வட கடலில் ஒரு பகுதிக்கு ‘பிராட் ஃபோர்ட்டீன்ஸ்’ என்று பெயர். பரந்த அந்த இடம் முழுக்க ஆழம் ஒரே சீராகப் பதினான்கு பாகம் என்பதால் வந்த பெயர். நம் மீனவர்கள் கையை விரித்து அளக்கும் அதே பாகம்தான். அந்தத் தண்ணீரில் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று குரூசர்கள் போர் தொடங்கியதிலிருந்து மேலும் கீழுமாக ரோந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 12,000 டன், 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை, பதினான்கே வருடத்தில் பழசாகிப்போனவை. இவற்றில் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் போர் அறிவித்ததும் வீட்டிலிருந்து அழைக்கப்பட்ட சேமப்படை ஆட்கள், அதாவது குடும்பஸ்தர்கள். அவர்களோடு டார்ட்மத் கடற்படைப் பள்ளியிலிருந்து நேராகக் கொண்டுவரப்பட்ட பதினைந்து வயதுப் பையன்கள். கடற்படைக்குள்ளேயே இந்த அணிக்கு ‘உயிர் இரை அணி’ என்று பட்டப்பெயர் இருந்தது. தூண்டிலில் துடிக்கிற இரை. மாலுமிகள் விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் விஷயம் மேலிடம்வரை போயிருந்தது. கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் செப்டம்பர் 18 அன்றே, இந்தக் கப்பல்கள் இந்த ரோந்தில் தொடரக் கூடாது என்று குறிப்பு எழுதினார். குறிப்பு கோப்பில் நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல்களும் பழைய தடத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தன.

துணைக்கு இருந்த டிஸ்ட்ராயர்கள் புயலால் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தன. அணியின் நான்காவது கப்பலான யூரியலஸ், அட்மிரலையும் சுமந்துகொண்டு நிலக்கரி ஏற்றப் போய்விட்டது. 22-ஆம் தேதி விடியும்போது காற்று தணிந்திருந்தது. மூன்று கப்பல்களும் மணிக்குப் பத்து கடல் மைல் வேகத்தில், நேர்கோட்டில், வளையாமல் நெளியாமல் போய்க்கொண்டிருந்தன. நீர்மூழ்கி இருக்கக்கூடிய கடலில் திசையை அடிக்கடி மாற்றி ஓட்ட வேண்டும் என்று விதி இருந்தது. ஆறு வாரமாக ஒன்றுமே நடக்காத ஒரு வேலையில் விதியை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

கீழே இருந்தது யூ-9 என்ற நீர்மூழ்கி. அதன் தலைவர் ஓட்டோ வெட்டிகன். புயலுக்குப் பயந்து இரவு முழுக்கக் கடலடியில் படுத்திருந்துவிட்டு, பாட்டரியை ஏற்ற அப்போதுதான் மேலே வந்திருந்தார்கள். யூ-9 இன் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஓடினால் வெள்ளைப் புகையை ஊருக்கே அறிவிக்கும். தொலைவில் பாய்மரக் கம்பங்கள் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு மூழ்கினார்கள். வெட்டிகனிடம் இருந்தவை மொத்தம் ஆறு டார்பிடோக்கள்.

முதல் டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. கப்பலின் தலைவர் டிரம்மண்ட், கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று நினைத்தார். உதவிக்கு வாருங்கள் என்று மற்ற இரு கப்பல்களுக்கும் கொடி காட்டினார். அந்த ஒரு கணிப்புப் பிழையில்தான் மிச்சக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ணிவெடி என்றால் நின்று காப்பாற்றலாம். நீர்மூழ்கி என்றால் நிற்பது தற்கொலை. ஹோக் வந்து நின்றது, படகுகளை இறக்கியது, மிதக்கக்கூடிய எதையெல்லாம் தூக்கிப் போட முடியுமோ அதையெல்லாம் தண்ணீரில் போட்டது. ஏறக்குறைய 300 கெஜ தூரத்திலிருந்து இரண்டு டார்பிடோ அதன் மீது பாய்ந்தன. இரண்டு டார்பிடோக்களின் எடை ஒரே நேரத்தில் குறைந்ததும் யூ-9 இன் மூக்கு தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு வந்துவிட்டது. சாய்ந்துகொண்டிருந்த ஹோக்கிலிருந்து அதை நோக்கிச் சுட்டார்கள். நீர்மூழ்கியின் எடை சமநிலைக்கு வர, உள்ளே இருந்த மாலுமிகள் முன்னும் பின்னுமாக ஓட வேண்டியிருந்தது. தராசுத் தட்டில் படிக்கல்லை மாற்றி மாற்றி வைப்பதுபோல, மனிதர்களே படிக்கல்லாக ஓடினார்கள். கடைசியாக கிரெஸ்ஸி. அதுவும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வெட்டிகன் பின்புறக் குழாய்களிலிருந்து இரண்டை ஏவினார், ஒன்று பட்டது. மிச்சமிருந்த ஆறாவதையும் ஏவினார். 7.55-க்கு கிரெஸ்ஸி மறைந்தது.

ஒன்றரை மணி நேரம். இறந்தவர்கள் 1,459 பேர். ஃப்ளோரா, டைட்டன் என்ற இரண்டு டச்சு நீராவிக் கப்பல்களும் ஆங்கிலேய மீன்பிடிப் படகுகளும் நெருங்கி வந்து 837 பேரை மீட்டன. நடுநிலை நாட்டுக்காரர்களான டச்சு மாலுமிகள், இன்னும் அங்கே நீர்மூழ்கி இருக்கிறதா, கண்ணிவெடி இருக்கிறதா என்று தெரியாமலேதான் உள்ளே நுழைந்தார்கள்.

அந்த 837 பேரில் ஒருவன் வென்மன் விக்கம்-மஸ்கிரேவ் என்ற பயிற்சி அதிகாரி. வயது பதினைந்து. அவன் அபூகிரில் இருந்தான். கப்பல் கவிழ்ந்தபோது, மூழ்கும் கப்பல் உள்ளே இழுத்துவிடாதபடி வேகமாக நீந்தி விலகி ஹோக்கை நோக்கிப் போனான். ஹோக் டார்பிடோ வாங்கியது. அங்கிருந்து கிரெஸ்ஸிக்கு நீந்தினான், ஏறினான். கிரெஸ்ஸியும் டார்பிடோ வாங்கியது. ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு மிதந்தவனை டச்சுக்காரர்கள் தூக்கினார்கள். இரண்டாம் உலகப் போரிலும் கடற்படையில் பணியாற்றி, 1989 வரை வாழ்ந்தார். ஒரே காலையில் மூன்று கப்பல்களில் மூழ்கிய மனிதர் என்ற அடைமொழி அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை பிறப்பித்த உத்தரவு கல் நெஞ்சானது, ஆனால் கணக்குச் சரியானது: டார்பிடோ பட்ட கப்பலைக் காப்பாற்றப் பெரிய கப்பல் எதுவும் நிற்கக் கூடாது.

சென்னைக்கு வருவோம். ஆனந்த வருடம், புரட்டாசி, செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் முன்புதான் மகாளய அமாவாசை கழிந்து, நவராத்திரி தொடங்கியிருந்தது. மூன்றாம் பிறை எட்டு மணிக்குள் மறைந்துவிடும். ஒன்பதரை மணிக்குக் கடலில் கும்மிருட்டு. கரையிலோ அப்படி இல்லை. வங்காள விரிகுடாவில் எம்டன் பத்து நாளாக வேட்டையாடுகிறது, கல்கத்தா பக்கம் கப்பல்கள் போகவே அஞ்சுகின்றன என்பது ஊரறிந்த செய்தி. அப்படியும் சென்னையின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கம் அப்போது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியில் இருந்தது. வழக்கமாக நட்புக் கப்பல்களுக்கு வழிகாட்டுகிற அந்த வெளிச்சம் அன்று எம்டனுக்கும் வழிகாட்டியது.

எம்டன் பெரிய கப்பல் அல்ல. 3,600 டன் சொச்சம், 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பத்து பீரங்கிகள். வட கடலில் அன்று காலை மூழ்கிய ஒவ்வொரு குரூசரும் இதைப்போல மூன்று மடங்கு. இதன் பலம் அதன் தலைவர் கார்ல் வான் முல்லரின் தலைக்குள் இருந்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு, மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் குரூசர்போலத் தெரியவைத்தார்கள். துணை அதிகாரி ஹெல்முத் வான் மூக்கேயின் யோசனை அது.

எம்டன் கரைக்கு மூவாயிரம் கெஜத்துக்குள் வந்து நின்று சர்ச்லைட்டைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் தேடிப் பிடித்தது. சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன; மற்ற சில ஓட்டை விழுந்தன. ஏறத்தாழ மூன்றரை லட்சம் காலன் எண்ணெய் எரிந்து போயிற்று. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றின் மீதும் குண்டுகள் விழுந்தன. மொத்தம் ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு சில குண்டுகளைச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எம்டன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் தினமும் போகிறவர்கள் பலர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். நின்று படிப்பவரைப் பார்ப்பது அபூர்வம்.

முல்லர் எண்ணெய்க்காக மட்டும் வரவில்லை. சென்னையைச் சுட்டது ஒரு காட்சிப்படுத்தல் என்று அவரே பின்னால் எழுதினார்: இந்திய மக்கள் பார்க்க வேண்டும், வியாபாரம் கலங்க வேண்டும், ஆங்கிலேயனின் மதிப்பு இறங்க வேண்டும். அந்த வகையில் அவர் செலவழித்த குண்டுக்குக் கிடைத்த பலன் அதிகம். மறுநாள் முதல் பல்லாயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ரயில்களில் இடமில்லை. கப்பல் திரும்பி வரும், இந்த முறை கோட்டையைத் தகர்க்கும், ஜெர்மானியர் கரையிறங்குவார்கள் என்று வதந்திக்கு மேல் வதந்தி. சென்னைவாசிகளின் பயத்தைக் கேலி செய்து பின்னாளில் நிறையக் கதைகள் வந்தன. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. சூரியன் அஸ்தமிக்காத அரசு என்று சொல்லிக்கொண்ட ஒன்று, ஒரு சின்னக் கப்பலை அரை மணி நேரம் தொட முடியாமல் நின்றதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதற்குப் பின் மூட்டை கட்டியவன் முட்டாள் அல்ல.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று இன்றும் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர் சொல்லித்தான் மக்கள் வாழும் பகுதியைச் சுடாமல் விட்டார்கள் என்று கூடச் சேர்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த அந்தப் போராளி அந்தக் காலகட்டத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார். எம்டனோ ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனாவின் சிங்தாவோவிலிருந்து புறப்பட்டது, ஐரோப்பாவின் எந்தத் துறைமுகத்தையும் தொடவில்லை. சூரிக்கில் இருந்தவர் வங்காள விரிகுடாவில் ஏற வழியே இல்லை. செண்பகராமன் செய்தவை அவருடைய பெயருக்குப் போதும். ஏறாத கப்பலில் அவரை ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதை ஏன் இத்தனை காலம் நிற்கிறது என்பது புரிகிறது. நம் ஊரை ஒருவன் அடித்தான், நாம் அவனை வெறுக்கவில்லை. இந்த முரணுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. கப்பலுக்குள் நம்மவர் ஒருவர் இருந்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

மூன்றாவது சம்பவத்தில் சாவு மிகக் குறைவு. ஆனால் மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் இதில்தான் இருக்கிறார்.

பப்பீத்தே பிரெஞ்சுக்காரர்களின் சின்னத் துறைமுகம். அங்கே காவலுக்கு இருந்தது ‘ஸெலே’ என்ற ஒரு பழைய பீரங்கிப் படகு. அதன் தலைவர் லெஃப்டினன்ட் மாக்சீம் டெஸ்த்ரமோ. ஜெர்மானியர் வந்தால் நிலக்கரிக்குத்தான் வருவார்கள் என்று அவர் தெளிவாக ஊகித்திருந்தார். பெரிய ஜெர்மன் கப்பலை எதிர்த்து ஸெலே கடலில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. எனவே அதன் பீரங்கிகளைக் கழற்றிக் கரையில் குன்றின் மீது ஏற்றினார். சிறிய பீரங்கிகளை மோட்டார் வண்டிகளில் பொருத்தினார். மேல் அதிகாரம் தனக்குத்தான் என்று நினைத்த ஆளுநரோடு இதற்கெல்லாம் சண்டை போட்டார்.

வந்தவர் வைஸ் அட்மிரல் மாக்சிமிலியன் வான் ஸ்பீ. ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்ற இரண்டு கவசக் குரூசர்கள், இருபத்தொரு சென்டிமீட்டர் வாய்ப் பீரங்கிகளோடு. முதல் நாள் போரா போரா தீவில் ஸ்பீ ஒரு நாடகம் ஆடியிருந்தார். தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல், ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசத் தெரிந்தவர்களை மட்டும் முன்னால் நிறுத்தி, அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகளிடமே உணவுப் பொருள் வாங்கிக்கொண்டார். விலையைத் தங்கமாகக் கொடுத்தார். நேசநாட்டுக் கப்பல்தானே என்று நம்பி அவர்களும் தாஹிதியின் நிலவரத்தைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை பப்பீத்தேக்கு வெளியே இரண்டு கப்பல்களும் தெரிந்ததும் டெஸ்த்ரமோ யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. யார் என்று கேட்டுக் கரையிலிருந்து எச்சரிக்கைக் குண்டுகள் சுடப்பட்டன. பதிலாக ஜெர்மன் கொடி ஏறியது. பவளப் பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகிய வாயிலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளங்களை டெஸ்த்ரமோ அழித்தார். குவித்து வைத்திருந்த நிலக்கரிக்குத் தீ வைத்தார். ஸெலேயைத் தானே மூழ்கடித்தார். ஸ்பீயின் பீரங்கிகள் கரையை, துறைமுகத்தை, நகரத்தைச் சுட்டன. ஸெலேயும், பிரெஞ்சுக்காரர்கள் முன்பே பிடித்து வைத்திருந்த வால்கூரே என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலும் அந்தத் துறைமுகத்திலேயே முடிந்தன. சந்தையும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் எரிந்தன. இறந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பொதுமக்கள். வழிகாட்டி இல்லை, உள்ளே கண்ணிவெடி இருக்கலாம் என்ற சந்தேகம் வேறு. வந்த காரணமான நிலக்கரியோ கண்ணெதிரே எரிகிறது. ஸ்பீ உள்ளே நுழையாமல் திரும்பிப் போனார். தாய்நாடு பூமியின் மறு பக்கத்தில் இருக்க, அவர் செலவழித்த ஒவ்வொரு குண்டும் திரும்பக் கிடைக்காத குண்டு.

இப்படி ஒரு வேலை செய்த டெஸ்த்ரமோவுக்குக் கிடைத்தது என்ன? கப்பலை மூழ்கடித்தார், நிலக்கரியை எரித்தார், ஊர் எரியக் காரணமானார் என்று ஆளுநர் புகார் எழுதினார். டெஸ்த்ரமோ பதவியிலிருந்து விலக்கப்பட்டு பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். விசாரணையின் நிழலிலேயே 1915 மார்ச்சில் நோயால் இறந்தார். விருதும் பெயரும் அதற்கப்புறம்தான் வந்தன. பப்பீத்தேயில் ஒரு தெருவுக்கு இன்று அவர் பெயர்.

இந்த மூன்றையும் முன்கூட்டித் திட்டமிட்டார்களா? இல்லை. வெட்டிகனுக்கு முல்லரையோ ஸ்பீயையோ பற்றி அன்று எந்தத் தகவலும் இல்லை. ஆனால் ஸ்பீயும் முல்லரும் ஒரே அணியில் இருந்தவர்கள். ஆகஸ்ட் 13 அன்று பசிபிக்கில் பாகன் தீவருகே ஸ்பீயின் கப்பலில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரே ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று முல்லர் சொன்னார். ஸ்பீயின் கவலை நிலக்கரி: மொத்த அணியும் அங்கே போனால் எரிக்கக் கரி கிடைக்காது, ஒரு சின்னக் கப்பலானால் பிடிக்கிற கப்பல்களில் இருக்கும் கரியை எடுத்துக்கொண்டே பிழைக்கலாம். அவர் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து சரியாக நாற்பதாம் நாள் ஒருவர் சென்னையையும் மற்றவர் பப்பீத்தேயையும் சுட்டார்கள்.

ஆக, அந்தத் தேதியைத் தைக்கும் நூல் ஒன்று உண்டென்றால் அது எரிபொருள். யூரியலஸ் கரி ஏற்றப் போனதால் வட கடலில் அணிக்கு அட்மிரல் இல்லாமல் போனார். வெட்டிகனின் நீர்மூழ்கி மண்ணெண்ணெய்ப் புகைக்குப் பயந்து மூழ்கியது. சென்னையில் எரிந்தது எண்ணெய். பப்பீத்தேயில் கரிக்காக வந்தவனுக்குக் கரிப்புகைதான் கிடைத்தது. 1914-இல் கடற்போர் என்றால் நாம் கொடியையும் பீரங்கியையும் நினைக்கிறோம். அந்த மாலுமிகள் நினைத்தது கரி மூட்டையை. எம்டனில் அதை ஏற்ற ஏற்ற, மேல்தளம் முழுக்கக் குவிந்து, மனிதர்கள் அடையாளம் தெரியாமல் கறுத்து நிற்பார்கள்.

இன்னொரு நூலும் இருக்கிறது, அது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. மூன்று இடங்களிலும் ஆபத்து வருமென்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். லண்டனில் அது அமைச்சரின் குறிப்பு. சென்னையில் செய்தித்தாளே சொன்னது. பப்பீத்தேயில் ஒரு லெஃப்டினன்ட். கேட்டுத் தயாரானவர் கடைசி ஆள் மட்டுமே, அதிகாரத்திலும் மிகச் சிறியவர். வேலையை இழந்தவரும் அவரே.

தேதிகளோடு விளையாடுவதில் ஒரு ஆபத்து உண்டு. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனைச் சிதைத்து, வடக்கு கீலிங் தீவின் பாறைகள் மீது மோதி நிற்க வைத்தது. சென்னையைச் சுட்டதிலிருந்து எண்ணினால் 48 நாள், சரியாக ஒரு மண்டலம். சோதிடம் பார்ப்பவர் யாரும் இதைக் கவனித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். எண்கள் இப்படி அகஸ்மாத்தாகப் பொருந்தும். அதற்கு அர்த்தம் தேடிப் போனால் செண்பகராமனை ஏற்றிய அதே கப்பலில் நாமும் ஏறிவிடுவோம்.

அன்றைய நான்கு தலைவர்களின் முடிவைச் சொல்ல அர்த்தம் எதுவும் தேவையில்லை. ஸ்பீ டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்துத் தீவுகளருகே தம் இரு மகன்களோடும் கப்பல்களோடும் மூழ்கினார். டெஸ்த்ரமோ மார்ச்சில் போனார். அதே மார்ச்சின் 18-ஆம் தேதி, வெட்டிகன் புதிதாக ஏற்றிருந்த யூ-29 ஐ டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் முட்டி மூழ்கடித்தது. ஆறு மாதத்துக்குள் மூவர். எஞ்சியவர் முல்லர் ஒருவரே, அதுவும் போர்க்கைதியாக. அவர் 1923 வரை இருந்தார்.

நினைவு என்பது சாவின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. வட கடலில் 1,459 பேர். அந்த மூன்று கப்பல்களின் உடல்களை 1954-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் பழைய இரும்பாக விற்றது. சென்னையில் ஐந்து பேர். தமிழுக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது. சாமர்த்தியசாலியை, ஏய்க்க முடியாதவனை, பிள்ளைகளை நடுங்கவைக்கிற கறாரான அப்பனை ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். அதில் பயமும் இருக்கிறது, ஒரு துளி மெச்சலும் இருக்கிறது. எம்ஸ் நதிக்கரையில் உள்ள ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் இப்படி ஒரு குணத்தின் பெயராகும் என்று அந்த ஊர்க்காரர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். மலையாளத்தில் பெரிய உருவத்தைச் சொல்லும் ‘யமண்டன்’ என்ற சொல்லும் இதிலிருந்துதான் வந்தது என்போர் உண்டு.

2006-இல் நாசர் கறாரான அப்பாவாக நடித்த ஒரு படம் வந்தது. இயக்குநர் திருமுருகன் முதலில் வைத்த பெயர் ‘எம்டன் மகன்’. தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குத்தான் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு சொல்லியிருந்த காலம் அது. தொண்ணூறு வருடமாக எல்லார் வாயிலும் புழங்கிய சொல் தமிழில்லை என்றாகிவிட, படம் ‘எம் மகன்’ ஆயிற்று. மூவாயிரத்து அறுநூறு டன் கப்பலிலிருந்து ‘டன்’னை மட்டும் இறக்கிவிட்டார்கள்.